மீரியபெத்தயின் முகவரி: ஓர் அழகு நிலையத்தின் வாடிக்கையாளர் பட்டியல் சொல்வது என்ன?

பண்டாரவளை, ஹப்புத்தளை, பதுளை நகரங்களில் பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள கடைத்தெருக்களில் நடந்தால், மாடிப்படி ஏறிப்போகும் சின்னச் சின்ன அழகு நிலையங்களின் பெயர்ப்பலகைகளைக் காணலாம். இரண்டு கதிரைகள், சுவரளவுக் கண்ணாடி, மணப்பெண் அலங்காரப் படங்கள். இவற்றில் சிலவற்றை நடத்துபவர்கள் தோட்டங்களிலிருந்து வந்த பெண்கள். கண்ணாடிக்குக் கீழேயுள்ள லாச்சியில் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கும். பெயர், தொலைபேசி இலக்கம், கடைசியாக வந்த திகதி, எந்த நிற சாயம், திருமணம் எப்போது என்று அதில் எழுதப்பட்டிருக்கும். கதிரையும் கண்ணாடியும் போனால் கடனுக்கு வாங்கலாம், கொப்பி போனால் கடையே போய்விடும்.

ஒரு கொப்பிக்கு இத்தனை முக்கியத்துவம் தேவையா என்று கேட்கலாம். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி மீரியபெத்தயில் இல்லாமல் போனதும் இப்படியான ஒரு கொப்பிதான்.

அன்று காலை ஏழரை மணி கடந்த சற்று நேரத்தில், கொஸ்லந்தைப் பகுதியிலுள்ள அம்பிட்டிகந்த தோட்டத்தின் மீரியபெத்த பிரிவில் மலை சரிந்து லயன்களை மூடியது. காணாமல் போனோர் எத்தனை பேர் என்ற கேள்விக்கு அடுத்து வந்த நாட்களில் நாளுக்கொரு பதில் வந்தது. முதலில் முன்னூறு வரை சொல்லப்பட்டது, பின்னர் இருநூறை நெருங்கிய ஓர் எண், பின்னர் நூறு, கடைசியில் நாற்பதுக்கும் குறைவு. எண்ணிக்கை குறைந்தது நல்லதுதான். ஆனால் ஒரு தோட்டப் பிரிவில் அன்று காலை யார் யார் இருந்தார்கள் என்பதை உடனே சொல்லக்கூடிய பட்டியல் எவரிடமும் இருக்கவில்லை என்பதையே அந்த எண்கள் காட்டின. தோட்ட நிர்வாகத்திடம் செக்ரோல் இருக்கும். அதில் பெயர் பதிந்த தொழிலாளி இருப்பார். ஓய்வுபெற்ற பாட்டியும் கைக்குழந்தையும் இருக்க மாட்டார்கள். கொழும்பில் கடை வேலைக்குப் போய் தீபாவளிக்கு விடுமுறையில் வந்து நின்ற மகன் இருக்க மாட்டான். கிராம உத்தியோகத்தரிடம் வாக்காளர் இடாப்பு இருக்கும். அதில் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் இல்லை.

ஒரு பட்டியலை யார், எதற்காக வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தே அதில் யார் இருப்பார் என்பது முடிவாகிறது. கம்பனிக்குக் கொழுந்து தேவை, அதனால் கொழுந்து பறிப்பவர் பட்டியலில் இருக்கிறார். கட்சிக்கு வாக்கு தேவை, அதனால் வாக்காளர் இருக்கிறார். அழகு நிலையம் நடத்தும் பெண்ணுக்கு அந்த வாடிக்கையாளர் மறுபடியும் படியேறி வர வேண்டும். அதனால் அவர் ஒவ்வொரு முறையும் “அக்கா, நம்பர் இதுதானே, மாறலையே?” என்று கேட்டுத் திருத்திக்கொள்கிறார். மலையகத்தில் உயிருடன் இருக்கும் பட்டியல்களில் இதுவும் ஒன்று. அந்தப் பெண் இந்தப் பட்டியலை எப்படிக் காப்பாற்றி வைத்திருக்கிறார் என்று பார்ப்பது வியாபார ஆலோசனை கேட்பவர்களுக்கு மட்டும் உரிய விடயமாக எனக்குத் தெரியவில்லை.

முதலில் தொழிலைப் பற்றிக் கொஞ்சம். மீரியபெத்தயில் அன்று காலை பாடசாலைக்குக் கிளம்பிப் போயிருந்ததால் உயிர் தப்பிய பிள்ளைகள் உண்டு. அன்று பத்து வயதாக இருந்தவர் இன்று இருபதைக் கடந்துவிட்டார். அந்த வயதில் ஒரு தோட்டத்துப் பெண்ணுக்கு முன்னால் இருக்கும் வழிகள் எண்ணக்கூடியவை: கொழுந்து, கட்டுநாயக்க கார்மென்ட்ஸ், கொழும்பில் வீட்டு வேலை அல்லது துணிக்கடை, மத்திய கிழக்கு. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. ஒரு மணப்பெண் அலங்காரத்துக்கு நகரத்தில் வாங்கப்படும் கட்டணத்தை அதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கும் எந்தப் பெண்ணும் அழகுக்கலையைக் கற்க விரும்புவதில் வியப்பில்லை. தொழிற்பயிற்சி அதிகார சபையும், தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையும் இதைக் கற்பிக்கின்றன. என்.வீ.கியூ. சான்றிதழும் உண்டு. போருக்குப் பின் வன்னியில் கணவனை இழந்த பெண்களுக்கான வாழ்வாதாரத் திட்டங்களில் தையலுக்கும் கோழி வளர்ப்புக்கும் அடுத்தபடியாக இதே அழகுக்கலைப் பயிற்சி வந்ததை வாசகர்கள் அறிவார்கள். (முடி வெட்டுவதை ஒரு சாதியின் தலையில் கட்டி, அவர்களைத் திண்ணைக்கு வெளியே நிறுத்திய சமூகம் நாங்கள். ‘பியூட்டிஷியன்’ என்று பெயர் மாறியதும் எல்லோர் வீட்டுப் பிள்ளைகளும் கற்க வருகிறார்கள். அது வேறொரு கட்டுரைக்கு உரியது.)

பயிற்சி முகத்தையும் முடியையும் கற்றுக்கொடுக்கிறது. வந்தவரை எப்படித் திரும்ப வரவைப்பது என்பதைப் பெரும்பாலும் அந்தப் பெண்ணே தட்டித் தடவிக் கற்றுக்கொள்கிறார். கையில் இருப்பது கையடக்கத் தொலைபேசி, அதில் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும். அலங்காரம் முடிந்ததும் படம் எடுத்துப் பக்கத்தில் போடுவார், வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் விலைக் கழிவை அறிவிப்பார். செலவில்லை, பழக்கமானது. கொப்பியும் மெல்ல மறந்துபோகிறது.

இதிலுள்ள ஆபத்தை இந்த நாடு பல தடவை காட்டியிருக்கிறது. 2018 மார்ச்சில் திகன வன்முறையை அடுத்து பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் ஆகியவை ஏறத்தாழ ஒரு வாரம் முடக்கப்பட்டன. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதல்களுக்குப் பின் மறுபடியும். 2022 ஏப்ரலில் ஊரடங்குடன் சேர்த்து மீண்டும் ஒரு முறை. அதற்கிடையில் 2021 ஒக்டோபர் 4 ஆம் திகதி அந்த நிறுவனத்தின் சொந்தக் கோளாறினாலேயே பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் பல மணித்தியாலங்கள் உலகம் முழுவதும் நின்றுபோயின. 2018, 2019, 2022 முடக்கங்களில் இரண்டு சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய வாரங்களில் நடந்தவை. அழகு நிலையங்களுக்கு அது உழைக்கும் காலம். அந்த நாட்களில் மின்னஞ்சல் நிற்கவில்லை. அது தனியொரு கம்பனியின் வீட்டுக்குள் இருக்கும் சேவையில்லை என்பதால் ஓர் அமைச்சின் கட்டளையால் அதை எளிதில் நிறுத்திவிட முடியாது. பேஸ்புக் பக்கத்தைப் பின்தொடரும் இரண்டாயிரம் பேரின் பெயர்கள் பேஸ்புக்கிடம்தான் இருக்கின்றன, அந்தப் பெண்ணிடம் இல்லை. கணக்கு முடங்கினாலோ கடவுச்சொல்லை எவராவது களவாடினாலோ, அத்தனை பேரும் ஒரே இரவில் இல்லாமல் போவார்கள்.

சரி, தொலைபேசி இலக்கம் கொப்பியில் இருக்கிறதே என்று கேட்கலாம். மலையகத்தில் இலக்கம் நிற்பதில்லை. கொழும்புக்குப் போனவர் அங்கே சலுகை விலையில் கிடைத்த வேறொரு சிம்மைப் போடுகிறார். குவைத்துக்கோ ரியாத்துக்கோ போனவரின் இலங்கைச் சிம் ரீலோட் போடாமல் கிடந்து செத்துவிடுகிறது. சில காலத்தின் பின் அதே இலக்கம் வேறொருவருக்குப் போய்ச் சேர்கிறது. இரண்டு வருட ஒப்பந்தம் முடித்து கையில் காசோடு, தங்கையின் கலியாணத்துக்கோ தன் கலியாணத்துக்கோ திரும்பி வரும் பெண்தான் ஓர் அழகு நிலையத்தின் மிகப் பெறுமதியான வாடிக்கையாளர். அவரைத்தான் கொப்பி தொலைத்துவிடுகிறது. அவரிடம் மாறாமல் இருக்கக்கூடியது மின்னஞ்சல் முகவரி ஒன்றுதான். சிம் மாறினாலும், தொலைபேசியே தொலைந்தாலும், கடவுச்சொல் ஞாபகம் இருக்கும்வரை அது அவருடையது.

‘முகவரி’ என்ற சொல் மலையகத்தில் லேசானது அல்ல. லயன் அறைக்குத் தனி முகவரி இல்லை. இருபது, முப்பது குடும்பங்களுக்குத் தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயரும்தான் முகவரி. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும், அங்கிருந்து யாராவது கொண்டுவந்து கொடுக்க வேண்டும். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, பரீட்சை முடிந்த பின் கையில் கிடைத்த கதைகள் இல்லாத தோட்டம் இல்லை. பல்கலைக்கழக அனுமதிக் கடிதமும் அப்படிப் பிந்தி வந்திருக்கிறது. சொந்தக் காணியும் சொந்த வீடும் இல்லை என்பதன் இன்னொரு முகம் இது. இருநூறு வருடங்களாக ஒருவருக்கு வரும் செய்தி இன்னொருவரின் மேசையைக் கடந்தே வந்திருக்கிறது. அலுவலகத்தின் ஊடாக வராத முதல் முகவரி, ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு மின்னஞ்சலாகவே அமைகிறது.

அப்படியிருந்தும் அது பயன்படாமல் கிடக்கிறது. அன்ட்ரொயிட் தொலைபேசி வாங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு ஜிமெயில் முகவரி இருக்கிறது. ஆனால் அதைத் திறந்து கொடுத்தவர் தொலைபேசிக் கடைத் தம்பி. முகவரி என்ன என்று கேட்டால் தெரியாது. கடவுச்சொல்லோ கடைத் தம்பிக்கே மறந்திருக்கும். தொலைபேசி உடைந்தால் புதிய தொலைபேசியில் புதிய முகவரி ஒன்றைத் திறக்கிறார்கள். பழையது அநாதையாகிவிடுகிறது. ஆகவே அழகு நிலையத்தில் மின்னஞ்சல் பட்டியல் தொடங்க விரும்பும் பெண் முதலில் செய்ய வேண்டிய வேலை விளம்பரம் எழுதுவது அல்ல. வாடிக்கையாளர் சாயம் காயும்வரை கதிரையில் காத்திருக்கும் முக்கால் மணித்தியாலத்தில், அவரின் தொலைபேசியில் இருக்கும் முகவரி என்ன என்று பார்த்து, கடவுச்சொல்லை அவரே மாற்றி, அவரே ஓரிடத்தில் எழுதி வைத்துக்கொள்ள உதவுவது. கடையின் பட்டியலுக்கு ஒரு பெயர் கிடைக்கிறது, அவருக்கு ஒரு முகவரி கிடைக்கிறது.

என்ன எழுதுவது என்பதை வெளிநாட்டு வழிகாட்டிகளில் தேட வேண்டியதில்லை. மலையகத்துக்கென்று ஒரு நாட்காட்டி உண்டு. தோட்டச் சம்பளம் மாதத்தின் 10 ஆம் திகதியை ஒட்டி வருகிறது. மாதக் கடைசியில் விலைக் கழிவு அறிவித்துப் பயனில்லை. தீபாவளி முற்பணம் கையில் கிடைக்கும் வாரம் வருடத்தின் பெரிய வாரம். தை, வைகாசி, ஆவணியில் கலியாணங்கள் நெருங்கி வரும். ஆடியிலும் மார்கழியிலும் கலியாணம் இல்லை, கடை வெறிச்சோடும். முடி பராமரிப்புக்கு அழைப்பதாக இருந்தால் அந்த இரண்டு மாதங்களில் எழுதலாம். முடிக்குச் சாயம் பூசியவருக்கு ஆறு வாரத்தில் வேர் வெளுக்கத் தொடங்கும். அப்போது இரண்டு வரி நினைவூட்டல் போதும். மாதத்துக்கு ஒன்றுக்கு மேல் எழுதினால் எவரும் திறந்து பார்க்க மாட்டார்கள். இலவச ஜிமெயில் கணக்கிலிருந்து ஒரு நாளைக்கு 500 பேர்வரை அனுப்பலாம், சிறிய கடைக்கு அது தாராளம்.

மொழியும் முக்கியம். பண்டாரவளையில் தமிழ் வாடிக்கையாளரும் உண்டு, சிங்கள வாடிக்கையாளரும் உண்டு. கொப்பியில் பெயருக்குப் பக்கத்தில் ‘த’ என்றோ ‘சி’ என்றோ ஓர் எழுத்தைக் குறித்துக்கொண்டால் இரண்டு கடிதங்களைத் தனித்தனியே அனுப்பலாம். புரியாத மொழியில் வந்த அழைப்பை ஏற்று எவரும் படியேறி வரமாட்டார்கள் என்பது கடைக்காரப் பெண்ணுக்குத் தெரியும். பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் 1999 இல் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. கால் நூற்றாண்டு கடந்தும் அங்கிருந்து தமிழில் ஒரு கடிதம் பெறுவது எவ்வளவு பாடு என்பதைத் தோட்டத்தில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். வருமானத்துக்காக ஒருவர் ஒரே நாளில் செய்துகொள்வதை, சட்டம் கட்டாயப்படுத்தியும் அரசு செய்யவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு பயத்தையும் சொல்லியாக வேண்டும். தமிழர்களுக்குப் பட்டியல் என்பது எப்போதும் நல்ல சகுனமாக இருந்ததில்லை. 1983 ஜூலையில் கும்பல்கள் வாக்காளர் பட்டியல்களை வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிவந்ததைப் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். பதுளை நகரத்தின் தமிழ்க் கடைகளும் அந்த வாரத்தில் எரிந்தன. 1977 இலும் 1983 இலும் அடிபட்டு மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்களில் பலரின் பெயர்கள் 2009 இல் முள்வேலி முகாம்களின் பதிவேடுகளில் இருந்தன. 2007 ஜூன் 7 ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்கள் அதிகாலையில் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடுக்கும்வரை அது நடந்தது. வேலை தேடி வந்த மலையக இளைஞர்களும் அந்தக் காலத்தில் பொலிஸ் பதிவுத் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே தலைநகரில் நடமாடினார்கள். பெயரைக் கொடுக்கத் தயங்கும் வாடிக்கையாளரை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. அந்தத் தயக்கத்துக்கு வரலாறு இருக்கிறது.

பெண்களின் பட்டியல் என்பதால் இன்னொரு ஆபத்தும் சேர்கிறது. ரீலோட் போடக் கொடுத்த இலக்கத்துக்கு இரவில் அழைப்பு வந்த அனுபவம் இல்லாத பெண் குறைவு. பெயர், பிறந்த திகதி, முகம், கலியாண நாள் எல்லாம் அடங்கிய அழகு நிலையக் கொப்பி தவறான கையில் சிக்கினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே எல்லோருக்கும் ஒரே கடிதம் அனுப்பும்போது முகவரிகளை ‘டு’ என்ற கட்டத்தில் வரிசையாகப் போடக்கூடாது. ஒருவரின் முகவரி மற்றவருக்குத் தெரியாதபடி ‘பிசிசி’ கட்டத்தில் போட வேண்டும். இந்தச் சிறு விடயத்தைப் பெரிய நிறுவனங்களே தவறவிடுகின்றன. மணப்பெண்ணின் படத்தைக் கேட்காமல் அனுப்பக்கூடாது. வேண்டாம் என்று ஒருவர் பதில் எழுதினால் அன்றே பெயரை நீக்க வேண்டும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் சம்மதம் இல்லாமல் அவருக்கு விளம்பரச் செய்தி அனுப்புவதைத் தடுக்கிறது. விலகிக்கொள்ளும் வழியைச் செலவின்றித் தர வேண்டும் என்கிறது. ஆனால் அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த வேளையில் ஒத்திவைக்கப்பட்டன. கேட்காத விளம்பரக் குறுஞ்செய்திகள் எங்கள் தொலைபேசிகளில் வந்து குவிந்துகொண்டேயிருக்கின்றன. கேக், காணித்துண்டு, கடன், அதிர்ஷ்டச் சீட்டு என்று எல்லாம் வருகிறது, தோட்டத்து லயன் அறைவரை வருகிறது. மலை சரியப் போகிறது என்ற செய்திதான் வருவதில்லை.

மீரியபெத்த ஆபத்தான இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலேயே எச்சரித்திருந்தது. அதன் பின்னரும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டது என்று அனர்த்தத்தின் பின் சொல்லப்பட்டது. யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பதே கேள்வி. அலுவலகத்திலிருந்து அலுவலகத்துக்குக் கடிதம் போயிருக்கலாம். லயனில் இருந்தவரின் பெயருக்குப் போகவில்லை. போனாலும் குடியேற வேறு காணி கொடுக்கப்படவில்லை. தப்பியவர்கள் ஏறக்குறைய இரண்டு வருடங்கள் தற்காலிக இடங்களில் கிடந்த பின்னரே 2016 ஒக்டோபரில் மாகல்தெனியவில் வீடுகள் கையளிக்கப்பட்டன. 2023 மார்ச்சில் அதே மலைத்தொடரில் பூனாகலை, கபரகலை தோட்டத்தில் மண் சரிந்து மறுபடியும் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் நாடு முழுவதும் 600 க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. பதுளை மாவட்டமும் கடுமையாக அடிவாங்கியது. எச்சரிக்கைகள் உரிய நேரத்தில் தமிழில் வரவில்லை என்ற குற்றச்சாட்டு அப்போதும் எழுந்தது.

மின்னஞ்சல் இதற்குத் தீர்வு என்று நான் சொல்லவரவில்லை. மழை கொட்டும் அதிகாலையில் எவரும் மின்னஞ்சலைத் திறந்து பார்க்க மாட்டார்கள். மின்சாரமும் இருக்காது, அலைவரிசையும் இருக்காது. அதற்கு ஒலிபெருக்கி, சைரன், குறுஞ்செய்தி, கதவைத் தட்டும் மனிதர் எல்லாம் தேவை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 என்றால் வெளியேற ஆயத்தமாக வேண்டும், 150 என்றால் வெளியேற வேண்டும் என்ற கணக்கு நிறுவனத்திடம் இருக்கிறது. இல்லாதது அந்தக் கணக்கைச் சொல்லவேண்டியவர்களின் பட்டியல். இந்த லயனில் இந்த அறையில் யார், எந்த மொழி, எந்த இலக்கம், நடக்க முடியாதவர் உண்டா, வெளியூரிலிருக்கும் பிள்ளையின் முகவரி என்ன என்று சொல்லும் பட்டியல், ஆளைக் கேட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு தரம் திருத்தி, வேறெந்தத் தேவைக்கும் கொடுக்கப்படாமல் வைத்திருக்கப்பட வேண்டும்.

இதைச் செய்யக்கூடியவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அழகுக்கலைப் பயிற்சியை முடித்து வெளியேறும் ஒரு பெண்ணுக்கு நிறுவனங்கள் சீப்பும் கத்தரிக்கோலும் அடங்கிய பெட்டியொன்றை வழங்குவதுண்டு. அத்துடன் இரண்டு நாள் பாடம் ஒன்றையும் சேர்க்கலாம்: சொந்தப் பெயரில் மின்னஞ்சல் திறப்பது, சம்மதம் கேட்டுப் பெயர் எழுதுவது, பட்டியலைப் பூட்டி வைப்பது, தமிழில் யூனிகோட்டில் நாலு வரி எழுதுவது. அதே இரண்டு நாள் பாடத்தை ஹல்துமுல்ல, பண்டாரவளை, ஹப்புத்தளை பிரதேச செயலகங்களில் அனர்த்த விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தர்களுக்கும் நடத்தலாம், முடிந்தால் இரண்டு தரப்பையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்து. ஊவாவின் மலைகளில் பெருமழை ஒக்டோபரில் தொடங்கும்.